வேல் கொடுத்த தாயும் உலக்கை எடுத்த தாயும்

ஈழத்துப் போர்க்கால இலக்கியத்தில் மிக அதிகமாகப் பாடப்பட்ட உறவு எது என்று கேட்டால், தயங்காமல் தாய் என்று சொல்லிவிடலாம். கவிதை, சிறுகதை, மேடை நாடகம் என எதைப் புரட்டினாலும் அவள் இருக்கிறாள். எந்தத் தாய் என்பதுதான் கேள்வி. நமது எழுத்தில் அவளுக்குப் பெரும்பாலும் இரண்டு முகங்களே வாய்த்திருக்கின்றன. ஒன்று, மகனைக் களத்துக்கு அனுப்பும் வீரத்தாய். மற்றது, மகனின் உடல் மீது விழுந்து அழும் சோகத்தாய். பிற தாய்மாரோடு சேர்ந்து, சண்டையை நிறுத்துங்கள் என்று தெருவில் இறங்கிய மூன்றாவது தாய் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு நமது இலக்கியத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வீரத்தாய் சங்க இலக்கியம் நமக்குத் தந்தவள். ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாடலில் (279) ஒருத்தி தன் பிறந்த வீட்டு உறவையும், பின் கணவனையும் போரில் இழந்தவள். பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். பாடசாலைகளில் இதை வீரத்துக்கு உதாரணமாகவே படிப்பிக்கிறோம். 1980களில் இயக்கங்களின் மேடைகளில் மீண்டும் எழுப்பப்பட்டவளும் இந்தத் தாய்தான்.

ஆனால் பாடலைக் கூர்ந்து வாசித்தால் வேறொன்றும் புலப்படும். அதைச் சொல்பவர் தாய் அல்ல. பார்த்து நிற்கும் ஒருவர். அவர் முதலில் திடுக்கிடுகிறார். இவளது துணிவு கொடியது என்று வாய்விட்டுச் சொல்கிறார். அதன் பிறகே, அவள் பிறந்த குடிக்கு அது பொருந்தும் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். அந்தப் பெண்பாற் புலவருக்கு வந்த நடுக்கத்தை நமது மேடைகள் வெட்டி எறிந்துவிட்டு, வேலினை மட்டும் எடுத்துக்கொண்டன. இது அரசியலில் நேர்ந்த தவறு மட்டுமல்ல, வாசிப்பில் நேர்ந்த தவறும்கூட.

இனி நிஜத் தாய்மாரிடம் வருவோம். 1984 இல், இளைஞர்கள் பெருந்தொகையாகக் கைதுசெய்யப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாயிற்று. அடுப்படியை விட்டு வெளியே வந்த பெண்கள் ஊர்வலம் போனார்கள், அதிகாரிகளைச் சந்தித்துப் பிள்ளைகளைக் கேட்டார்கள். கிழக்கிலும் அன்னையர் முன்னணி தோன்றியது. 1986 இல் விடுதலைப் புலிகள் ரெலோ இயக்கத்தினரை அழிக்க முற்பட்டபோது, கிழக்கின் தாய்மார் உலக்கைகளுடன் தெருவுக்கு வந்து ஒரு படுகொலையைத் தடுத்தார்கள் என்பதைப் பெண்நிலைவாத ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இந்தச் செய்தியைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். நெல் குத்துகிற உலக்கை. எதிரே துப்பாக்கி. அவர்கள் காப்பாற்றப் போன பிள்ளைகள் எல்லோரும் அவர்கள் வயிற்றில் பிறந்தவர்கள் அல்லர். வேல் கொடுத்த தாய்க்கு ஈராயிரம் ஆண்டுப் புகழ். உலக்கை எடுத்த தாய் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரியாக நிற்கிறாள். அதே 1986 இல்தான் சித்திரலேகா மௌனகுரு தொகுத்த ‘சொல்லாத சேதிகள்’ வெளிவந்து, ஈழத்துப் பெண்களின் கவிதைக் குரலைத் திரட்டித் தந்தது. அந்தக் குரலின் தொடர்ச்சியில் உலக்கைத் தாய்க்கு ஒரு காவியமே கிடைத்திருக்க வேண்டும்.

பாடப்பட்ட தாயின் கதி இதைவிட நல்லது என்றும் சொல்ல முடியாது. மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில் 1988 மார்ச் 19 அன்று, அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் பத்துப் பிள்ளைகளின் தாய். இந்தியப் படையும் புலிகளும் சண்டையை நிறுத்த வேண்டும்; இரு தரப்பும் பேச வேண்டும் என்பவையே அவரது கோரிக்கைகள். ஏப்ரல் 19 அன்று உயிர் துறந்தார். பின்னர் அவர் பெயரில் நினைவு நாட்கள் வந்தன, பாடல்கள் வந்தன. தியாகம் என்ற சொல் அவற்றில் குறைவின்றி இருக்கிறது. அவர் கேட்டதோ போர்நிறுத்தம். போர்நிறுத்தம் கேட்டு இறந்தவரைப் போருக்கு ஆள் சேர்க்கும் மேடையின் படமாக்கியது அரசியல். அதற்குச் சந்தம் அமைத்துக் கொடுத்தது இலக்கியம். ஒரு தாயின் கண்ணீரைப் பாடுவது எளிது. அவளது கோரிக்கையைப் பாடினால் பாடுபவனும் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

தெற்கிலும் இதுவே நடந்தது. 1990 இல் மாத்தறையில் தோன்றிய அன்னையர் முன்னணியில், காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞரின் தாய்மார் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். 1992 இல் அவர்கள் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்து ஆட்சியாளரைச் சபித்தது நாட்டையே உலுக்கியது. அம்முன்னணியை ஒழுங்குபடுத்தியவர்கள் மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்ஷவும். 1994 இல் அவர்கள் சார்ந்த அணி ஆட்சிக்கு வந்தது. தாய்மார் வீடு திரும்பினார்கள், யுத்தம் தொடர்ந்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அவர்களுள் அடக்கம். அடுத்து ஏறாவூர். அதன்பின் வடபுலத்து முஸ்லிம்களின் வெளியேற்றம். நமது கவிதை இந்த இரத்தத்திலிருந்து புதிதாக எழுந்தது, எழுந்தாக வேண்டியுமிருந்தது. ஆனால் அந்தக் கவிதைகளின் உம்மாமார் பெரும்பாலும் நமது ஜனாஸாக்களுக்கு மட்டுமே அழுகிறார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனையிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் தமிழ்க் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அக்குழந்தைகளுக்காக அழுகிற ஓர் உம்மா நமது பக்கங்களில் எத்தனை முறை வந்திருக்கிறாள்? தமிழ்க் கவிஞனிடம் காத்தான்குடி எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையோடு இந்தக் கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

இதற்கான முன்மாதிரியை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. மூஸா நபியின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லும் ஆட்சியில் தாய் தன் குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விடுகிறாள். சகோதரி கரையோரம் பின்தொடர்கிறாள். குழந்தையை எடுத்துக் காப்பவர் பிர்அவ்னின் மனைவி. கொல்ல உத்தரவிட்டவனின் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் இது கொல்லப்படக் கூடாத குழந்தை என்று நிற்கிறாள். நாம் அடிக்கடி ஓதும் வரலாறுதான். அதிலிருந்து ஒரு சிறுகதை எழுத நமக்கு இன்னும் மனம் வரவில்லை.

எல்லையைக் கடந்த தாய்மார் நிஜத்திலும் இருக்கிறார்கள். 1998 இல் கிளிநொச்சிப் போரில் காணாமற்போன இராணுவ அதிகாரியின் தாயான விசாகா தர்மதாச, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தை அமைத்து, இரு பக்கத்துத் தாய்மாரையும் ஒன்றாக இருத்தினார். லைபீரியாவில் 2003 இல் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளுடை அணிந்து வீதியோரம் அமர்ந்தார்கள். அக்ராவில் பேச்சுவார்த்தை இழுபட்டபோது, மண்டப வாசலை மறித்துத் தலைவர்களை வெளியேற விடவில்லை. அந்த ஆண்டே ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களை வழிநடத்திய லேமா போவீ 2011 இல் நோபல் பரிசு பெற்றார்.

நமது மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரைப் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. 2004 ஏப்ரலில் வெருகல் சண்டைக்குப் பின் கருணா அணி கலைந்து, அதிலிருந்த பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். புலிகள் அவர்களை மீண்டும் கேட்டு வந்தபோது பெற்றோர் எதிர்த்து நின்றதை அவ்வாண்டு நவம்பரில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்தது. 2006 இல் கருணா அணி சிறுவர்களைக் கடத்தியபோது தாய்மார் பொலிஸ் நிலையத்துக்கும் முகாம்களுக்கும் நடந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 8 இல், அகதிகள் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலை மீது ஷெல் விழுந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரக் கொட்டிலில் அமர்ந்தார்கள்.

இத்தனை நடந்தும் இவை அறிக்கைகளில் கிடக்கின்றன. முறைப்பாடு எழுதிக் கொடுத்தவர் யார், முதலில் எந்த வீட்டுப் பெண் எழுந்து மற்றவர்களைக் கூப்பிட்டாள், முகாம் வாசலில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அறிக்கைக்கு வேண்டியதில்லை. கதைக்கு வேண்டும்.

ஆகவே விமர்சகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய் வருகிற கவிதையை, கதையை மதிப்பிடும்போது அவள் எவ்வளவு உருக்கமாக அழுகிறாள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவள் என்ன கேட்கிறாள், யாருடைய பிள்ளைக்காகக் கேட்கிறாள் என்றும் பாருங்கள். எழுத்தாளர்களுக்கும் ஒன்று: 1986 இல் முப்பது வயதில் உலக்கை எடுத்த பெண்ணுக்கு இன்று எழுபது வயது. அவளைச் சந்தித்துக் கேட்டு எழுத இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.