எந்தக் கந்தையா?

"படம் பிடித்து ஏற்றுங்கள், மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்." ஆவணக் காப்பு பற்றிய மேடைகளில் இப்போது தவறாமல் காதில் விழும் பேச்சு இது. நூற்பட்டியலும் பொருட்குறிப்பும் போன நூற்றாண்டுச் சமாச்சாரமாம். செயற்கை நுண்ணறிவு எழுத்தைப் படித்துவிடுமாம், தேடினால் எல்லாம் வந்துவிழுமாம். இப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் ஒரு பழைய ஊர் மலரை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டியிருப்பார்கள் என்பது என் ஐயம்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த கதை வாசகருக்குப் பழக்கமானது. நாவலர், தாமோதரம்பிள்ளை, உ.வே.சா. என்று அதை மூச்சுவிடாமல் சொல்லிவிடலாம். அந்த வரிசையில் ஜோன் மேர்டொக்கை யாரும் சேர்ப்பதில்லை. தமிழில் அச்சான நூல்களை வகைபிரித்து 1865இல் பட்டியலிட்டவர் அவர். மதப் பிரசாரகர்; நோக்கமும் அதுவே. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழில் என்னென்ன அச்சாகின என்று கேட்பவர் இன்றும் அவரிடம்தான் போகவேண்டியிருக்கிறது. பதிப்பாசிரியருக்குச் சிலை வைத்த நாம் பட்டியலாசிரியருக்கு ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை.

இணையத்திலும் அதே ருசிதான் முதலில் வந்தது. 1998இல் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பெரும்பணி. தன்னார்வலர்கள் கையால் தட்டச்சிட்டுத் தந்த நூல்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் அந்த முதல் அலமாரியில் இருந்தது பெரும்பாலும் பாடத்திட்டத்தில் இடம்பிடித்த தமிழ். ஊர் அதில் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்கு இந்த வேறுபாடு இணையத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் ஒரே அக்கறையோடு சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, அதைக்கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது.

நான் நின்று பேச விரும்புவது ஈழத்தைப் பற்றி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்று எல்லோரும் எழுதுகிறோம். அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில், வீட்டு அலுமாரிகளிலும் சனசமூக நிலையங்களிலும் கிடந்து அழிந்தவற்றுக்குத் தொகை சொல்ல ஆளில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பெருமை, இந்த இரண்டாவது இழப்பையும் கணக்கில் எடுத்தது. இலக்கியத்தோடு பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், சங்க யாப்பு, நினைவு மலர் எல்லாம் அங்கே ஏறின. இலக்கியவாதிகள் சிலர் இதைக் குப்பை சேர்ப்பு என்றார்கள். நான் அதைத் துணிச்சல் என்பேன்.

ஒரு நினைவு மலரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றே சொல்வோம். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது. முகப்பில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். வாழ்க்கை வரலாற்றில் மலாயா றெயில்வே வேலையும் பென்சனும் வரும். வம்சாவளியில் எந்த ஊரோடு எந்த ஊர் சம்பந்தம் செய்தது என்பது தெரியும். பின்னட்டையில் அச்சகத்தின் பெயரைப் பாருங்கள்: ஒரே குடும்பத்தின் கல்வெட்டுகள் முதலில் சுன்னாகத்திலும் பிறகு கொழும்பிலும் பிறகு ரொறன்ரோவிலும் அச்சாகியிருக்கும். 1990இல் வலிகாமம் வடக்கு வெறுமையானபின் பல ஆண்டுகள் மக்கள் கால்வைக்க முடியாதுபோன கிராமங்களுக்கு, இந்த மெல்லிய புத்தகங்களே வாக்காளர் இடாப்பும் வரைபடமும்.

இனி இயந்திரத்திடம் வருவோம். மை கசிந்த பழைய ஈய எழுத்து, சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை எல்லாவற்றையும் அது நாளைக்கே பிழையின்றிப் படித்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். 'கந்தையா' என்று தேடினால் ஆயிரம் கந்தையாக்கள் வருவார்கள். வாத்தியார் கந்தையாவா, பரியாரியார் கந்தையாவா, இந்த மலரில் 'எமது மாமனார்' என்று மட்டும் குறிக்கப்பட்டவர் அவர்களில் யார் என்பது தாளில் இல்லை. அது ஊரில் மிஞ்சியிருக்கும் எண்பது வயதுக்காரரின் தலையில் இருக்கிறது. அவரைக் கேட்டு எழுதுபவருக்குப் பெயர்தான் பட்டியலாளர்.

இலண்டனில் வாழும் நூலகர் நா. செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' முதல் தொகுதி 2002இல் வந்தது. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டாளர், அச்சகம், பக்கம், விலை, அளவு, உள்ளடக்கக் குறிப்பு. படைப்பிலக்கியத்துக்குக் கிடைக்கும் கைதட்டலில் கால்வாசிகூட இந்த உழைப்புக்குக் கிடைக்கவில்லை. ஈழத்தமிழ் நூற்பரப்பை முழுதாகப் பார்க்க விரும்புபவர் எந்தத் தேடுபொறியையும்விட முதலில் இதைத்தான் திறக்கவேண்டும். எது கைக்கு அகப்படவில்லை என்பதைப் பட்டியலால்தான் காட்ட முடியும். படக்கோப்புகளின் குவியல், இருப்பதையே முழுமை என்று நம்பவைக்கும்.

அந்த நம்பிக்கை இன்னொரு அநியாயத்தையும் மறைக்கிறது. கல்வெட்டு அச்சிட வசதி வேண்டும். வசதியும் சாதியும் இல்லாதவர்கள் மலர் போடாமலே செத்தார்கள். மலையகத்தில் நிலைமை இன்னும் மோசம். தோட்டத்தின் பதிவேடு துரைமாரின் கையில் இருந்தது. லயத்துக் குடும்பத்திடம் மிஞ்சியவை 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் விட்டுப்போன விண்ணப்பத் தாள்களும் கடவுச்சீட்டுகளும். நூலகம் திட்டம் மலையகத்துக்கும் முஸ்லிம்களுக்கும் பெண்களுக்கும் தனிச் சேகரங்களைத் தொடங்கியது சரியான திசை. அங்கேயும் ஒளிவருடியை விட முதலில் தேவைப்படுவது ஒலிப்பதிவுக் கருவியும் காது கொடுக்கும் ஆளும்தான்.

புலம்பெயர் சங்கங்கள் ஊருக்கென்று அனுப்பும் காசில் ஒரு பங்கைப் பட்டியலாளர் சம்பளத்துக்கு ஒதுக்கட்டும். ஒவ்வோர் ஊரிலும் படித்த இளையவர் ஒருவர், இரண்டு ஆண்டுகள், மாதச் சம்பளத்தோடு. உங்கள் வீட்டு அலுமாரியில் கல்வெட்டு இருந்தால் அதை ஒளிவருடக் கொடுக்குமுன், படங்களில் நிற்பவர்களின் பெயரையும் முறையையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். தெரியாத முகங்களுக்கு அம்மம்மாவைக் கேளுங்கள், இந்தக் கிழமையே.