தபால் தலையும் தோட்டத் தமிழரும்

தபால் தலையைக் கடிதத்தின் கூலி என்று மட்டும் கருதுவோர் பலர். நமது அபிப்பிராயத்தில் அது அதனினும் மேலானது. ஒரு நாடு எவரை மதிக்கிறது, எதனை நினைவில் வைக்க விரும்புகிறது என்பதற்கு அச்சிறு தாள் சாட்சி சொல்கிறது. ஆகவே கவிதையையும் நாடகத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பதுபோல், இச்சித்திரத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது முறையேயாகும்.

1978ஆம் ஆண்டில் சிங்கப்பூர், தேசியச் சின்னங்கள் என்னும் வரிசையில் நான்கு தபால் தலைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று தியான் ஹொக் கெங் ஆலயத்தைக் காட்டியது. மற்றொன்று ஸ்ரீ மாரியம்மன் கோயிலைக் காட்டியது. முன்னது, கடல் கடந்து வந்த ஹொக்கியன் சீனர் 1839க்கும் 1842க்கும் இடையே எழுப்பியது. ஹொக்கியன் சங்கம் அங்கிருந்தே வளர்ந்தது. பின்னர் பள்ளிக்கூடங்களையும் நடத்தியது. பின்னது, 1827இல் நாராயண பிள்ளை நிறுவியது. புதிதாக வந்திறங்கிய தமிழர் வேலை தேடிக்கொள்ளும்வரை தங்குவதற்கு அக்கோயில் இடம் தந்தது. திருமணங்களையும் அது பதிவு செய்தது.

இவ்விரு தபால் தலைகளிலும் நாம் காணும் குறை ஒன்றேதான். அவை கட்டடத்தைக் காட்டுகின்றன. கட்டடம் செய்த காரியத்தைக் காட்டவில்லை. திக்கற்று வந்தவனுக்குத் திண்ணை கொடுத்ததும், சங்கத்தின் பெயர்ப் பதிவேடுமே உண்மையில் போற்றத்தக்கவை. கூரையும் கோபுரமும் அவற்றிற்குப் பின்பே வரவேண்டும்.

சீனரின் குடும்பச் சங்கம் இன்னதென்பதைப் பினாங்கிலுள்ள கூ கொங்சி நன்கு விளக்கும். ஒரே கிராமத்திலிருந்து வந்த, ஒரே குடும்பப் பெயரையுடைய கூ வம்சத்தார் 1835இல் அதனை அமைத்தனர். 1901இல் அதன் மாளிகை தீக்கிரையாயிற்று. 1906இல் மறுபடியும் எழுந்து நின்றது. எரிந்ததை மீண்டும் கட்டும் ஒற்றுமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் அதை அப்படியே பின்பற்றலாமா? குடும்பப் பெயரால் கூடுவது சீனருக்கு இயல்பாக இருக்கலாம். நாம் பிறப்பால் கூடினால் அது சாதிச் சங்கத்தில்தான் கொண்டுபோய் விடும். ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே பெரட்டில் நின்றவர்களைப் பிறப்பைக் கேட்டுப் பிரிப்பதைவிடப் பேதைமை வேறில்லை.

நிற்க. நமது நாட்டுத் தபால் தலைகள் தோட்டத் தொழிலாளியை எவ்வாறு கண்டன? 1957 மே 5ஆம் தேதி, சுதந்திரத்திற்குச் சில மாதங்கள் முன்னர், மலாயாக் கூட்டரசு வெளியிட்ட 6 காசுத் தபால் தலையில் பால்மரம் வெட்டும் காட்சி இடம்பெற்றது. 1968இல் கோலாலம்பூரில் நடந்த இயற்கை ரப்பர் மாநாட்டை ஒட்டி வந்த மூன்று தபால் தலைகளிலும் அக்காட்சியே வந்தது. ஒன்றில் அதனுடன் ஆகாய விமானத்தின் சக்கரத்தையும் காட்டினர். 1986இல் விவசாய விளைபொருள்களுக்கென ஒரு வரிசை வந்தபோது, 15 காசுக்கு ரப்பரும், 20 காசுக்குச் செம்பனையும் பொருளாயின. உழைப்பைக் காட்டிய வரிசை விளைச்சலைக் காட்டும் வரிசையாக மாறிற்று. முன்பு உழைத்தவனுக்கு உருவம் இருந்தது, பெயர் இல்லை. பின்பு பொருளுக்குப் பெயர் இருந்தது, உழைத்தவன் இல்லை.

இதற்கு ஓவியனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம்மவர் சேர்ந்து கட்டியது எது என்று எவரேனும் கேட்டால், நாம் கோயிலைக் காட்டுகிறோமேயன்றி வேறொன்றைக் காட்டுவதில்லை. காட்டுவதற்கு இல்லாமலும் இல்லை. சுதந்திரத்தை அடுத்துப் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்த பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பெற்றது. அதில் சேர ஊரும் குலமும் வேண்டுவதில்லை. பங்குப் பணமே போதும். சீனருக்குக் கொங்சி எதுவோ, நமக்கு அது இது. பிறப்பைக் கேளாத கொங்சி என்று இதனைச் சொல்லலாம்.

இவற்றை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. வட சிலாங்கூரில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து வருகின்றன. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிற்று. புக்கிட் செந்தோசா வட்டாரத்தில் நைகல் கார்ட்னர் தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளி சுமந்து நிற்கிறது. அப்பெயரும் ஓர் ஐரோப்பியப் பெயரேயன்றி, அங்கே மங்கு துடைத்துப் பால் சுமந்தவர் பெயரன்று.

ஆகவே புக்கிட் செந்தோசா அன்பர்கள் அரசாங்கத்திடம் தபால் தலை கேட்கும் முன்னர், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவார்களாக. எந்தத் தோட்டம், எந்த லயம், எவர் மரம் வெட்டினார், எவர் பள்ளிக்குப் பணம் கொடுத்தார் என்று முதியோரைக் கேட்டு எழுதுவார்களாக. ஆண் பெயரோடு பெண் பெயரும் அதில் ஏறவேண்டும். சாதிப் பெயர் ஏறக்கூடாது. தன் பெயரைத் தானே எழுதி வைக்காத சமூகத்தின் பெயரைப் பிறர் அச்சிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.