இரண்டாவது குடம்

ஏ.கே. ராமானுஜன் கர்நாடகத்தில் சேகரித்த கதைகளில் 'பூக்கும் மரம்' என்று ஒன்று உண்டு. அவர் 1993இல் இறந்தபின், 1997இல் வந்த ஆங்கிலத் தொகுப்புக்கு அதன் பெயரையே வைத்தார்கள்.

கூலிவேலை செய்யும் கிழவிக்கு இரண்டு பெண்கள். அம்மா படும் பாடு பொறுக்காமல் சின்னவள் மரமாக மாறத் துணிகிறாள். அக்காவிடம் விவரமாகச் சொல்கிறாள்: நகம் படாமல் இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வா. ஒன்றை ஊற்றினால் மரமாவேன். இலை, கிளை ஒடியாமல் பூப்பறி. இரண்டாவது குடத்தை ஊற்று, பழையபடி பெண்ணாகிவிடுவேன். பூவை அரண்மனையில் விற்கிறார்கள்.

எங்கள் தொழிலில் ரோல்பேக் இருக்கிற மாற்றத்தில்தான் தைரியமாகக் கைவைப்போம். இங்கே அந்த ரோல்பேக் அவள் கையில் இல்லை, குடம் பிடிப்பவர் கையில்.

அம்மா அடிக்கிறாள், நிரூபிக்க மரமாகிறாள். ஒளிந்திருந்து பார்த்த இளவரசன் கட்டிக்கொள்கிறான். மரமாகிக் காட்டும்வரை புதுப்பெண்ணோடு பேச மாட்டேன் என்கிறான். அப்புறம் ராத்திரிதோறும் அதே வேலை. குவிகிற பூவைப் பார்த்த நாத்தனார் தோழிகளோடு தோப்புக்குக் கூட்டிப்போய் மரமாகச் சொல்கிறாள். கிளைகளை ஒடிக்கிறார்கள். இரண்டாவது குடத்தை ஏனோதானோவென்று கொட்டிவிட்டு ஓடுகிறார்கள். கைகாலில்லாத பிண்டமாகக் கிடக்கிறாள் அவள்.

இளவரசன் பரதேசியாக அலைந்து, கடைசியில் அவளைக் கண்டு, ஒடிந்ததைச் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி மீட்கிறான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ராஜா தன் சின்ன மகளை மட்டும் சுண்ணாம்புக் குழியில் தள்ளுகிறான். தப்புக்குத் தண்டனை உண்டுதானே என்று ஊர் சொல்லிக்கொள்கிறது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நாத்தனார் கேட்டதும் அண்ணன் கேட்டதும் ஒன்றுதானே? அவன் ஒடிக்கவில்லை, சரி. ஒடியாமல் தினமும் வாங்கிக்கொண்டான். கதை சேதாரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறது, கட்டாயத்தை அல்ல.

எங்கள் மம்சாபுரத்தில் அண்ணி, நாத்தனார் என்றாலே நல்லதங்காள்தான். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. அங்கே உறவு தலைகீழ்: பசியோடு ஏழு பிள்ளைகளைக் கூட்டிவந்த நாத்தனாருக்கு அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள், பிள்ளைகளோடு கிணற்றில் விழுகிறாள் நல்லதங்காள். தண்டனை மூளி அலங்காரிக்கு. கதையைக் கேட்டு எல்லோரும் மூளியைத் திட்டிக்கொண்டிருக்க, அப்பத்தா மட்டும், "தங்கச்சிய முன்னால போகச் சொல்லிட்டு வேட்டையில நின்னானே அண்ணங்காரன், அவன யாருய்யா கேட்டா?" என்றாள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ராமானுஜன் கதையைப் படித்தபோது அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

அக்காவும் பூப்பறித்தவள்தான், தங்கையின் உடம்பில் வந்த காசு அவளுக்கும் சோறு போட்டது. அவளை அப்பழுக்கற்றவள் என்று தூக்கிவைக்க மாட்டேன். ஒரு வித்தியாசம் உண்டு. அக்காவிடம் இவளாகப் போய்க் கேட்டாள். மற்றவர்கள் எல்லோரும் இவளிடம் கேட்டார்கள். நகம் படாமல் தண்ணீர் சுமக்கத் தெரிந்த அந்த அக்கா, தங்கையின் கல்யாணத்துக்கு அப்புறம் கதைக்குள் வரவே இல்லை.