சாயத்தைப் பிடித்து வைப்பது உப்பா?

திருப்பூரில் டீ குடிக்கப் பேக்கரிக்குத்தான் போக வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே நடக்கும் பேச்சில் அறிவியல் நிறையவே அடிபடும். யாரும் அதற்கு அந்தப் பெயர் வைப்பதில்லை. “பஞ்சு சுருங்கிருச்சுங்ணா, அதான் சைஸ் கொறைஞ்சிருச்சு” என்பார் ஒருவர். “பனியன் முறுக்கிட்டுப் போகுதுன்னா டைலர் தப்புங்க, இழுத்து வெச்சுத் தெச்சிருக்கான்” என்பார் இன்னொருவர். செக்கிங்கில் இருக்கும் அக்கா, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் சொல்வார்: “புதுத் துணிய உப்புத் தண்ணில நனைச்சுப் போடு கண்ணு, சாயம் புடிச்சுக்கும்.”

மூன்றுமே முழுக்கச் சரியில்லை. ஆனால் மூன்றிலும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அறிந்த ஒன்று இருக்கிறது. அந்த அறிவு எதுவரை போகிறது, தவறு எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று பார்ப்பதில் எனக்குத் தீராத ருசி.

சுருக்கம் சுலபம். நனைந்த பருத்தி இழை பருக்கும். நீளத்தில் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். பனியன் துணியோ முழுவதும் கண்ணிகளால் ஆனது. பின்னும்போதும் சாயமேற்றும்போதும் காயவைக்கும்போதும் அதை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் வீட்டு வாளியில்தான் அந்தக் கண்ணிகளுக்கு முதல்முறையாக ஓய்வு கிடைக்கிறது. இழுபட்டதெல்லாம் தளர்ந்து, குட்டையாகி, அகலத்தில் விரிந்து தன் இயல்புக்கு வந்துவிடுகிறது. இதை முன்கூட்டியே செய்து முடிக்கத்தான் காம்பாக்டிங் மெஷினில் துணியை நெருக்கித் தள்ளி அனுப்புகிறார்கள்.

முறுக்கு விஷயத்தில் தையல்காரருக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும். துவைத்த டி-ஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வந்திருக்கும். அந்தத் துணியை உருப்பெருக்கியில் பாருங்கள். வரிசை வரிசையாக நிற்கும் கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒற்றை இழை நூலுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஒரே திசையில் முறுக்கு ஏற்றுகிறார்கள். தண்ணீரில் அந்த முறுக்கு அவிழப் பார்க்கிறது. ஒவ்வொரு கண்ணியும் மயிரிழை அளவுதான் திரும்புகிறது. ஆனால் ஒரு சட்டையில் லட்சக்கணக்கான கண்ணிகள், அத்தனையும் ஒரே திசையில். இரண்டு இழைகளை எதிர்த்திசையில் முறுக்கிச் சேர்த்த நூலில் இந்த இழுபறி வெகுவாக அடங்கிவிடும். கட்டிங் கோணலாக இருந்தாலும் தையல் நகரும் என்பது உண்மைதான். அதனால்தான் மில்லில் பிறந்த குற்றமும் சேர்ந்து தைத்தவர் தலையில் விழுகிறது.

இனி உப்பு. அக்காவின் பேச்சில் இருக்கும் நயம் மற்ற இரண்டிலும் கிடையாது.

சாயப்பட்டறை வாசலில் மூட்டை மூட்டையாக உப்பு இறங்குவதைப் பார்த்த ஊர் இது. உப்புக்கும் சாயத்துக்கும் உறவு உண்டு என்பது இங்கே யாரும் புத்தகத்தில் படித்து அறிந்ததல்ல. பருத்தி தண்ணீரில் இறங்கியதும் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் ஏறுகிறது. இன்று பனியன் துணிக்குப் பெரும்பாலும் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொண்டதே. ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கரைத்ததும் அதிலுள்ள சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து அந்த விலக்கத்தை அடக்குகின்றன. சாயம் தண்ணீரை விட்டுத் துணிக்கு வந்து சேர்கிறது. உப்பின் வேலை அத்துடன் சரி.

பிடித்துக் கட்டுவது அடுத்துப் போடும் சோடா. அந்தக் காரத்தில்தான் சாய மூலக்கூறின் ஒரு முனை பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பாகவே சேர்கிறது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரேட்டீ, ஸ்டீபன் என்ற இருவர் 1954-ல் கண்ட வழி இது. 1956-ல் புரோசியான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஆனால் அதே காரத்தில் சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்துவிடும். அப்படிப் போன பங்குக்குப் பருத்தியோடு சேரும் திறன் கிடையாது. பத்தில் இரண்டு மூன்று பங்கு இப்படி வீணாவது சாதாரணம். பட்டறையில் சரியாக அலசாவிட்டால் அது துணியில் சும்மா ஒட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து, வெள்ளை வேட்டியைக் கெடுக்கிறது.

இப்போது அக்காவின் வாளியைப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் அந்த ஒட்டுச் சாயம் துணியை விட்டு இறங்கத் தயங்கும். தண்ணீர் குறைவாகத்தான் நிறம் மாறும். அக்காவின் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை வெறும் தண்ணீரில் போட்டதும் நின்ற சாயம் கிளம்பிவிடும். பட்டறையில் செய்வது இதற்கு நேர்மாறு: முதலில் உப்பை அலசி வெளியேற்றிவிட்டு, கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டில் சோப்பு போட்டு, ஒட்டுச் சாயத்தை விரட்டுகிறார்கள். வீட்டிலும் அதுவே நல்லது. தாராளமான தண்ணீர், துணி தாங்கும் சூடு, முதல் சில தடவை தனி வாளி.

பேக்கரியில் இன்னொரு பேச்சும் உண்டு: “கறுப்பு லாட்டுன்னா துணி உப்பக் குடிச்சிரும்.” ஒரே தடவையில் சாயமேறும் துணித் தொகுதிதான் லாட்டு. கறுப்புக்கும் நேவி புளூவுக்கும் லிட்டருக்கு 80 கிராம் உப்பு போடுவது வழக்கம். கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம்தான். கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் அரைக் கிலோவுக்கு அருகில் உப்பு வருகிறது. துணி அதில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் போட்ட உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரில் வெளியே வந்துவிடுகிறது. துணி நிஜமாகவே உப்பைக் குடித்திருந்தால் நொய்யல் ஆறு இவ்வளவு கெட்டிருக்காது. பாசனத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாகி, சுற்றியுள்ள கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற விதியோடுதான் ஆலைகள் மறுபடி ஓடின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டிப் பெரும்பகுதி நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சிய அடர்நீரை ஆவியாக்கி உப்பை மீட்கிறார்கள். ஒரு கறுப்பு லாட்டைச் சாயமேற்றிய உப்பு, இன்னொரு நாள் நேவி புளூவுக்குத் தொட்டியில் இறங்குகிறது. கலப்பாகிப்போன கொஞ்சம் உப்பு மட்டும், எந்த லாட்டுக்கும் ஆகாமல், கிடங்கில் மூட்டையாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது.