'நீர்முகக் காட்சி': ஒரு வீட்டு விளம்பரத்தை வாசித்தல்

விம்கோ நகரில் வீடு தேடும் நண்பர் ஒரு விளம்பரத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "எப்படி இருக்கு?"ன்னு கேட்டார்.

மெட்ரோ பக்கம் என்பது சரி. 2021 பிப்ரவரியிலேயே ரயில் வந்துவிட்டது. எனக்கு இடித்தது 'நீர்முகக் காட்சி' என்ற வரி. படத்தில் நீலமாக இருப்பது பக்கிங்காம் கால்வாய். படகுப் போக்குவரத்துக்காக வெட்டியது. இன்று கழிவும் வெள்ளமும் போகும் வழி. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இதன் வழியாகத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. படத்தில் அது இல்லை.

'அரசு அனுமதி பெற்றது' என்று அடுத்த வரி. அலையேற்றம் உள்ள நீர்நிலைகளின் ஓரத்தில் கட்டுப்பாட்டு எல்லை, 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி அதிகபட்சம் 100 மீட்டர்; 2019 அறிவிக்கையில் 50. எல்லை சுருங்கியதால் வெள்ளம் சுருங்கிடாது. அனுமதி கிடைத்த இடம் வேறு, தண்ணீர் ஏறாத இடம் வேறு. விளம்பரம் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது.

நண்பருக்கு ஒரே பதில்தான் சொன்னேன்: "முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி, அந்தத் தெருவுல தரைத்தளத்துல இருக்கிறவங்ககிட்ட, 2023ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு சுவத்துல காட்டச் சொல்லுங்க."