சாவி பேனலிலேயே தொங்குகிறது

கோவையிலும் ஓசூரிலும் ஜாப் ஒர்க் எடுக்கும் சிஎன்சி பட்டறைகளில், எந்திரத்தின் கண்ட்ரோல் பேனலில் ஒரு சின்னச் சாவித்துளை இருக்கும். சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் புரோகிராமைத் திருத்த முடியாது. சாவி சூப்பர்வைசர் பையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பல பட்டறைகளில் அது துளையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு வைத்த எந்திரமென்றால், பேனலின் ஓரத்தில் மார்க்கரால் எழுதிய நான்கு இலக்கங்களைத் தேடினால் போதும்.

பூட்டு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. லேத்தில் ஒரு தண்டைக் கடைந்துகொண்டே போனால், வெட்டும் முனையான இன்சர்ட் தேயும். விட்டம் சில மைக்ரான் ஏறும். ஆபரேட்டர் மைக்ரோமீட்டரில் அளந்து, ஆஃப்செட் பக்கத்தில் தேய்மானக் கணக்கைத் திருத்துவார். ஃபேனக் நிறுவனத்தின் கண்ட்ரோலில் அங்கே இரண்டு பொத்தான்கள் அருகருகே உண்டு. ஒன்று 'இன்புட்', மற்றது 'பிளஸ் இன்புட்'. ஏற்கெனவே மைனஸ் 0.120 மி.மீ. என்று சேர்ந்திருக்கும் கணக்கோடு மைனஸ் 0.008-ஐக் கூட்ட வேண்டியவர், பிளஸ் இல்லாத பொத்தானை அழுத்திவிட்டால் பழைய கணக்கு அழிந்து, மைனஸ் 0.008 மட்டும் நிற்கும். தண்டு தடித்துப் போகும். நல்லவேளை, மறுபடி கடைந்துகொள்ளலாம். தசமப் புள்ளி இடம் மாறி 0.8 ஆகிவிட்டால் ஜாப் தேறாது. எண் இன்னும் பெரிதாகிப் போனால் டூல் சக்கில் மோதும், ஸ்பிண்டில் வரை செலவு. இதைப் பார்த்த முதலாளி எல்லாவற்றையும் பூட்டச் சொல்வதில் வியப்பில்லை.

அங்கேதான் சிக்கல். எந்திரத்தை அமைத்துக் கொடுக்கும் செட்டர் இரவு ஷிஃப்டில் வீட்டில் இருப்பார். அளவு ஏறுவதை ஆபரேட்டர் கண்ணால் பார்க்கிறார், திருத்த அனுமதி இல்லை. எந்திரத்தை நிறுத்தினால் எண்ணிக்கை குறையும். நிறுத்தாவிட்டால் ரிஜெக்ஷன் குவியும். இரண்டுக்கும் திட்டு அவருக்குத்தான். செட்டருக்குப் போன் போடுவார். தூக்கக் கலக்கத்தில் அவர் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவார். விடிவதற்குள் அது ஷிஃப்ட் முழுக்கத் தெரிந்த எண். ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று மேனேஜர்கள் இதைச் சொல்வார்கள். வேலை நடந்தாக வேண்டிய இடத்தில் ஆளைப் போடாமல் பூட்டை மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

எதைப் பூட்டுகிறோம் என்பதிலும் கோணல் இருக்கிறது. ஃபீட் ஓவர்ரைடு குமிழுக்குப் பொதுவாகப் பூட்டே கிடையாது. சொன்ன வேகத்துக்கு ஒன்றரை மடங்கு வரை யாரும் திருகலாம். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் திருகாமல் யார் இருப்பார்? இன்சர்ட் சீக்கிரம் தேய்ந்து ஆஃப்செட்டை அடிக்கடி தொட வேண்டிவருவதற்கு அந்தக் குமிழும் ஒரு காரணம். காரணம் திறந்து கிடக்க, அதற்கான மருந்தைப் பூட்டி வைக்கிறார்கள்.

பெரிய ஆலைகளிலும் கதை இதேதான். 2017-இல் சவூதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில் டிரைட்டன் என்னும் தீநிரல் புகுந்தது. அது குறிவைத்தது, ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்தும் டிரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கண்ட்ரோலரை. அந்தக் கருவியின் முகப்பிலும் சாவி உண்டு. அது 'ரன்' நிலையில் இருந்திருந்தால் புதிய நிரலை ஏற்றியிருக்க முடியாது. 'புரோகிராம்' நிலையிலேயே விட்டிருந்தார்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலிகிப்பா ஊர்க் குடிநீர் வாரியத்தின் பம்பு நிலையத்துக் கண்ட்ரோலரை ஹேக்கர்கள் இணையம் வழியே கைப்பற்றினார்கள். அந்த வகைக் கருவிக்குத் தயாரிப்பு நிறுவனம் அப்போது வைத்து அனுப்பிய பாஸ்வேர்டு 1111. ஊழியர்கள் கைமுறைக்கு மாறி நிலைமையைச் சமாளித்தார்கள். பட்டறையின் சோம்பலுக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடில்லை, விலையில்தான் வேறுபாடு.

பூட்டு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணமும் அதே ஃபேனக்கில் கிடைக்கிறது. அச்சுகளின் எல்லை, திருகுப் பிழைத் திருத்தம் போன்றவை அடங்கிய பாராமீட்டர்களை மாற்ற, எழுத்து அனுமதியைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் 100-ஆம் எண் அலாரம் திரையில் ஏறும். திறந்திருப்பதை மறந்துவிட்டு வேலையைத் தொடர அது விடாது. தொங்கும் சாவி அப்படி வாயைத் திறப்பதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தவை, பலர் எட்டிப் பார்க்காத இரண்டு பாராமீட்டர்கள்: 5013, 5014. தேய்மான ஆஃப்செட் மொத்தமாக எவ்வளவு இருக்கலாம், 'பிளஸ் இன்புட்' வழியே ஒரு தடவைக்கு எவ்வளவு கூட்டலாம் என்று அவற்றில் வரம்பு வைக்கலாம். ஒரு தடவைக்கு 0.05 என்று வைத்துவிட்டால், 0.008 போகும், 0.8 போகாது. யார் தொடுகிறார் என்ற கேள்வியே எழவில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை. ஆபரேட்டரின் கை அவருக்குத் தெரிந்த வேலையில் தடையின்றி இருக்கிறது, தசமப் புள்ளிதான் மாட்டிக்கொள்கிறது. எல்லா அமைப்புக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. கதவு திறந்திருந்தால் எந்திரத்தை ஓடவிடாத இன்டர்லாக்கில் 'கொஞ்சம்' என்பது கிடையாது. அதற்கு முழுப் பூட்டுதான் சரி.

மருந்து ஆலைகள் வேறு வழி போயின. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 1997-இல் கொண்டுவந்த 21 சிஎஃப்ஆர் பகுதி 11 விதிப்படி, ஆளுக்கொரு கணக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரத்தோடு பதிவு. தவறு எங்கே நுழைந்தது என்று பின்னோக்கிப் போகலாம் என்பது இதன் பலம். ஆனால் எல்லா ஷிஃப்டும் ஒரே லாகினில் ஓடினால் அந்தப் பதிவேட்டில் ஒரே ஆள்தான் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்திருப்பார். தணிக்கைக்கு வருபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

எட்டு எந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்காரரை அந்த விதி கட்டுப்படுத்தாது, கட்டுப்படியும் ஆகாது. 0.05-ஆ 0.03-ஆ என்று முடிவு செய்வது அவருக்கு ஒரு மதியத்து வேலை. அதற்கு அந்த ஜாபை ஓட்டும் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, ஒரு இன்சர்ட்டுக்கு எத்தனை தடவை, எவ்வளவு மாற்றுகிறீர்கள் என்று கேட்டாக வேண்டும். பல பட்டறைகளில் அந்தக் கேள்வியை இன்னும் யாரும் அவரிடம் கேட்டதில்லை.