டிரெய்லருக்கு எல்ஈடி: பாதி சரியான யோசனை

பைக் டிரெய்லருக்கு எல்ஈடி மாட்டச் சொல்பவர்கள், கூடவே லோடு ரெசிஸ்டரும் போடச் சொல்கிறார்கள். முதல் பாதி சரி. பழைய 1157 பல்பு ஒன்று பிரேக் பிடித்தால் சுமார் 27 வாட் இழுக்கும். எல்ஈடிக்கு அதில் சிறு பங்கு போதும். 6 ஓம் ரெசிஸ்டரோ 12 வோல்ட்டில் 24 வாட்டைச் சூடாக்கியே வீணடிக்கும். அப்புறம் மிச்சம் எங்கே? பைக்கில் பழைய பல்புகளே இருந்தால் ஃபிளாஷருக்குத் தேவையான சுமை ஏற்கெனவே இருக்கு.

யாரும் பேசாத விஷயம் வேறு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்ஈடி போட்டால் வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணாடியிலேயே நின்றுவிடும். சிவப்பு எல்ஈடியே போடுங்க. நல்ல வெயிலில் இருபதடி பின்னால் நின்று, டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியுதா பாருங்க. தெரியலைன்னா பழைய பல்பே மேல். பின்னால் வர்ற கார்க்காரருக்கு நம்ம வாட் கணக்கு தெரியாது.